எதிரே வாகனம் வராத ஊர்

பிளேன் பத்திரமா கார் பத்திரமா என்ற பேச்சு எங்கள் உறவுக்குள் எப்போது எழுந்தாலும், நான் ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிப் போய்விடுவேன். இப்போதெல்லாம் அது அடிக்கடி எழுகிறது. இளம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் புறப்படுகிறார்கள். புறப்படுகிற வீட்டில் தாய் அழுவாள். யாராவது ஒருவர், "பேப்பரில போட்டிருக்கு, றோட்டில சாகிற சனத்தோட பாத்தா பிளேனில சாகிறது ஒண்டுமே இல்லை" என்பார். உடனே அங்கே இருக்கிற வயது வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவார்கள். அந்தப் பாடுதான் என்னைக் கொல்லும். நேரே பார்த்துச் சிரித்தாலாவது நானும் சேர்ந்து சிரித்துத் தொலைக்கலாம்.

நான் நெடுந்தீவில் கூட்டுறவுச் சங்கத்து லொறி ஓடியவன். அறுபதுகளின் நடுப்பகுதியில் அந்தத் தீவில் ஓடுகிற நிலையில் இருந்த வாகனம் அது ஒன்றுதான். ஒரு உழவு இயந்திரமும் இருந்தது, ஆனால் அது வருடத்தில் பாதி நாள் படுத்தே கிடக்கும். இறங்குதுறைக்கு வள்ளத்தில் வந்து சேருகிற அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ஏற்றிச் சங்கக்கடைக்குக் கொண்டுபோவது என் வேலை. இரண்டு பக்கமும் பவளக்கல்லை அடுக்கிய மதில்கள், நடுவே ஒரு லொறி மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. கோர்ணை ஒரு தரம் அடித்தால் மாடு விலகும், மட்டக்குதிரை விலகும், தலையில் விறகோடு வருகிற ஆளும் மதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு முன் அந்த லொறியை ஓடியவரிடம் அங்கேயே பழகினேன். அனுமதிப்பத்திரத்துக்கு மட்டும் யாழ்ப்பாணம் போனேன். ஒரு வெறும் வளவுக்குள் பீப்பாய்களுக்கு இடையில் பின்னுக்கு எடுக்கச் சொன்னார்கள், கையால் சைகை காட்டச் சொன்னார்கள், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பத்திரம் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு எத்தனையோ வருடம் ஓடினேன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதை நான் வாய் கிழியச் சொல்லித் திரிந்தேன். யாழ்ப்பாணத்திலே இன்ன இடத்தில் பஸ்ஸும் லொறியும் மோதிக்கொண்டன என்று யாராவது செய்தி கொண்டுவந்தால், "உவங்களுக்கு ஓடத் தெரியாது" என்பேன். எதிரே இன்னொரு வாகனம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி என் மண்டையில் ஒரு நாளும் எழவில்லை. கடல் சுற்றிக் கிடக்கிற ஊரில் அந்தக் கேள்வி எங்கிருந்து எழும்?

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. படிப்பில் கெட்டிக்காரி. தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அது அவளுக்கு வெறும் உத்தியோகம் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளைப்பேறு கடினமாகி வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோகும்போது கடலிலேயே இறந்துபோனாள். அந்த வள்ளத்தில் என் தங்கச்சியும் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள். திரும்பி வந்த அன்றே நான் தாதி ஆகப் போகிறேன் என்றாள். அதற்குப் பிறகு வேறு கதை அவளிடம் இல்லை.

நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. ஆனால் வந்த நேரம் சரியில்லை. கச்சான் காற்றுக்குக் கடல் குழம்பிக் கிடந்து சில நாட்களாக வள்ளம் ஓடவில்லை. கடிதம் வள்ளத்துறை இருக்கிற பக்கத்துத் தீவான புங்குடுதீவில் தங்கிவிட்டது. காற்று தணிந்து ஒரு பின்னேரம் வள்ளம் வந்தபோது, மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் கொழும்பில் நிற்கவேண்டும். அன்றிரவு ரயிலைப் பிடிக்க வழியில்லை, வள்ளம் இனி விடியத்தான் வெளிக்கிடும். ஆனால் கடிதத்தோடு இன்னொரு செய்தியும் வந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த எங்கள் சித்தப்பா பரீட்சை நாளை அங்கே விசாரித்து அறிந்து, யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து மறுநாள் காலை புறப்படுகிற பிளேனில் அவளுக்கு ஓர் இடம் பிடித்திருந்தார். பிளேன் இறங்குகிற இரத்மலானையில் தானே வந்து கூட்டிக்கொண்டு போவதாகவும், புங்குடுதீவில் ஒரு ஹயர் காரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு நேரத்துக்குப் பலாலிக்குப் போய்விடும்படியும் புங்குடுதீவில் இருக்கிற தன் மனைவிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். சின்னம்மா அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வள்ளக்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அன்று விளக்கு வைத்த நேரம் பெரிய வாக்குவாதம் நடந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"குமர்ப்பிள்ளையைத் தனிய ஆகாசத்தில ஏத்தி விடுறதோ? விழுந்து போனா எடுக்க எலும்பும் கிடையாது" என்றார்.

"எத்தினை சனம் போய் வருகுது. எல்லாரும் விழுந்தே போச்சினம்?" என்றார் ஐயா.

இந்த இடத்தில் நான் மூக்கை நுழைத்தேன். வாகன விஷயத்தில் வீட்டில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. நான் சொன்னேன், "கார் பழுதாப் போனா ஓரத்தில நிப்பாட்டிப்போட்டு இறங்கி நடக்கலாம். பிளேன் பழுதாப் போனா எங்க நிப்பாட்டுறது, எங்க இறங்கிறது?"

அம்மா, கேட்டீர்களா என்பதுபோல ஐயாவைப் பார்த்தார். எனக்கும் நான் ஏதோ பெரிய கேள்வி கேட்டுவிட்டதாகத் தோன்றியது. பெட்டியில் சீலை மடித்து வைத்துக்கொண்டிருந்த தங்கச்சி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள், "வள்ளம் பழுதாப் போனா எங்க இறங்கிறது, அண்ணை?"

"அது வேற" என்றேன்.

ஏன் வேறு என்று அவள் கேட்கவில்லை. எங்கள் தீவில் கடல் எடுக்காத குடும்பம் இல்லை. ஆனாலும் வள்ளத்தில் ஏற யாரும் பயந்ததில்லை. யாருடைய கையில் சுக்கான் இருக்கிறது, அவர் யாருடைய மகன் என்று தெரிந்தால் எங்களுக்குப் பயம் போய்விடும். பிளேனை ஓடுகிறவனின் ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. அதுதான் எங்கள் பயம் முழுவதும். அதைத்தான் நான் பெரிய நியாயமாக மாற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஐயா, "பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?" என்று அவளிடம் கேட்டார்.

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு. ஆனா போகத்தான் வேணும்" என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. அம்மா எழும்பிப் போய் ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்தார். பிளேன் விழாமல் பிள்ளை போய்ச் சேர்ந்தால் நயினாதீவு அம்மனுக்குப் பொங்குவதாக நேர்த்தி. நான் என் பங்குக்கு ஒன்று சொன்னேன்.

"பிளேனை நான் ஒண்டும் செய்யேலாது. ஆனா பலாலி மட்டும் நானே கொண்டுபோய் விடுறன். உந்த ஹயர் கார்க்காரர் கண்மண் தெரியாமல் ஓடுவாங்கள். புங்குடுதீவில சித்தப்பாவின்ர கார் ஓட ஆளில்லாமல் சும்மாதானே நிக்குது."

எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. அம்மா என் தோளைத் தொட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். அந்தத் தொடுகையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

விடிய வள்ளம் வெளிக்கிட்டபோது கடல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அலை இரண்டு முறை உள்ளே அடித்துத் தங்கச்சியின் பெட்டியை நனைத்தது. அவள் அதைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்தாள். மழை முகில் இருக்கிறதா, பிளேனுக்கு ஏதும் ஆகுமா என்ற கவலை அவளுக்கு. வள்ளத்தில் வந்த மற்றவர்களும் பிளேனைப் பற்றித்தான் விசாரித்தார்கள். காலடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே, "கவனம் பிள்ளை" என்றார் வள்ளக்காரர்.

புங்குடுதீவில் சின்னம்மா குளித்து முழுகி ஆயத்தமாக நின்றார். பிளேனுக்காகக் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தார். காருக்கு யாரும் எதுவும் உடைக்கவில்லை. "ஹயர் காருக்குச் சொல்லிக் கிடக்கு, தம்பி. இப்ப வந்திடும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிக் காரின் திறப்பை வாங்கினேன். சித்தப்பாவின் கார் ஒரு பழைய ஒஸ்ரின். லொறியோடு பழகிய கைக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. தங்கச்சியும் சின்னம்மாவும் பின்னால் ஏறினார்கள். நேரம் தாராளமாக இருந்தது. ஊருக்குள் நன்றாகவே ஓடினேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களுக்குக் கோர்ண் அடித்தும் காட்டினேன்.

புங்குடுதீவையும் வேலணையையும் இணைப்பது ஒரு தாம்போதி. கடலுக்குள்ளே கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய ஒடுங்கிய பாதை, இரண்டு பக்கமும் தண்ணீர். இரண்டு வாகனங்கள் எதிரெதிரே வந்தால் இரண்டும் நன்றாக ஓரம் கட்டினால்தான் போகலாம். ஆகவே அந்த ஊர்க்காரர் தாம்போதிக்குள் இறங்குமுன் அக்கரையைப் பார்ப்பார்கள். தூரத்தில் பெரிய வாகனம் தெரிந்தால் வாயிலில் ஒதுக்கி நிறுத்தி, அது வந்து போனபின் இறங்குவார்கள். அந்த வழக்கம் எனக்குத் தெரியாது. தெரியாததைவிட, அக்கரையைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை.

"தம்பி, பஸ் வாற நேரம் போல கிடக்கு. நிண்டு போவமே?" என்றார் சின்னம்மா.

"வரட்டும் சின்னம்மா" என்றேன்.

பாதி தூரம் போயிருப்பேன். பஸ் எதிரே வந்தது. நான் நடுப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கோர்ண் அடித்தேன். மாடு விலகியிருக்கும், குதிரை விலகியிருக்கும். பஸ் விலகவில்லை. அதுவும் கோர்ண் அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, விலகவேண்டியது நான். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது, இயந்திரமும் நின்றுபோனது. பஸ்ஸும் கொஞ்சம் தள்ளி நின்றது.

கொண்டக்டர் இறங்கி வந்தான். இளம் பொடியன், மரியாதையாகத்தான் சொன்னான். "அண்ணை, இடப்பக்கம் ஒரு முழம் எடுங்கோ. நாங்கள் போயிடுவம்."

ஒரு முழம்தான். நான் காரை இயக்கி ஸ்டியரிங்கைத் திருப்பினேன். இடப்பக்கக் கண்ணாடிக்குள் பாதையின் ஓரம் மறைந்து தண்ணீர் மட்டும் தெரிந்தது. கால் மறுபடி பிரேக்கில். இன்னொரு தரம் முயன்றேன். மறுபடியும் அதே. பின்னுக்கு எடுக்கலாம் என்று திரும்பினால், எங்களுக்குப் பின்னால் ஒரு ஹயர் கார் வந்து ஒட்டி நின்று கோர்ண் அடித்துக்கொண்டிருந்தது. சின்னம்மா பிடித்து வைத்திருந்த கார்தான் அது. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

பஸ்ஸிலிருந்து சனம் இறங்கத் தொடங்கியது. சிலர் தாம்போதிக் கல்லில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கடகத்தோடு இறங்கிய ஒரு பெண், "இவர் ஓரங்கட்டி முடிக்க என்ர மீன் நாறிப்போம்" என்றாள். ஓர் இளைஞன் கதவடிக்கு வந்து, "நான் எடுத்து விடட்டோ, அண்ணை?" என்று கேட்டான்.

"என்ர வாகனத்தில வேற ஆரும் கை வைக்கேலாது" என்றேன்.

அது என் வாகனம்கூட இல்லை. அந்த நேரத்தில் எந்த வாய் அப்படிச் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. தங்கச்சி பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள், "நேரம் கிடக்கோ, அண்ணை?"

"கிடக்கு, கிடக்கு."

கிடந்த நேரம் எல்லாம் அந்தத் தாம்போதியில் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. கடைசியில் பஸ் சாரதியே இறங்கி வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். அவர் கதவைத் திறந்து, "தம்பி, நீர் கொஞ்சம் அங்கால தள்ளி இரும்" என்றார். நான் தள்ளி இருந்தேன். அவர் ஏறி, காரை ஓரத்துக்கு எடுத்து, தன் பஸ்ஸின் பக்கத்தால் உரசாமல் கொண்டுபோய் அந்தப் பக்கம் நிறுத்தினார். வெற்றிலை போட்டபடிதான் செய்தார்.

இறங்கும்போது கேட்டார், "எங்க ஓடப் பழகினனீர்?"

"நெடுந்தீவில."

"அங்க எத்தினை வாகனம் ஓடுது?"

"ஒரு லொறி."

"ஆர் ஓடுறது?"

"நான்தான்."

பஸ் ஜன்னல்களில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு பஸ் முழுவதும் சிரித்தது. கல்லில் குந்தியிருந்தவர்கள் எழும்பி நின்று சிரித்தார்கள். சாரதி மட்டும் சிரிக்கவில்லை. "பாத்துப் போம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். என் மானம் அன்று அந்தக் கடலிலே கப்பலேறிவிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. பின்னால் திரும்பித் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லிக் காலம் கழித்திருப்பேன். ஓடத் தெரியாதது ஒரு குற்றமா? தெரியாது என்று ஆகிவிட்ட பிறகு நான் செய்ததுதான் என்னை விடாமல் அரிக்கிறது.

வேலணையைத் தாண்டி, பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் வந்தோம். வந்தோம் என்று சொல்வது எளிது. எதிரே எது தெரிந்தாலும் நான் ஓரத்தில் நிறுத்திவிடுவேன். லொறி வந்தால் நிறுத்துவேன், கார் வந்தால் நிறுத்துவேன், மாட்டு வண்டிக்கும் நிறுத்தினேன். அது போய் மறைந்த பிறகுதான் மறுபடி எடுப்பேன். சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

பஸ் நிலையத்தை நெருங்கியபோது தங்கச்சி சொன்னாள். மிகவும் பணிவாகச் சொன்னாள், என் மனம் நோகக்கூடாது என்று சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"அண்ணை, நீங்கள் களைச்சுப்போனியள். உதில ஹயர் கார் நிக்குது. நான் அதில போறனே. நீங்கள் ஆறுதலாய்ப் பின்னால வாங்கோ."

அவள் காட்டிய இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. சாரதிகள் கதவில் சாய்ந்துகொண்டு கதைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு நிமிடம் போதும். நேரமும் அப்போது இருந்தது. அவர்களில் யார் ஓடியிருந்தாலும் பிளேனைப் பிடித்திருப்பாள்.

நான் சொன்னேன், "உனக்கும் என்னில நம்பிக்கை இல்லையோ?"

"இருக்கு, அண்ணை" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். நான் பலாலி றோட்டில் திருப்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்றவர், பெட்டியையும் அவளையும் பார்த்துவிட்டு, "கொழும்புக்கோ? இப்பதானே கதவை அடைச்சவை" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் இரைச்சல் கேட்டது. கம்பி வேலிக்கு அப்பால் பிளேன் ஓடி எழும்பியது. நெடுந்தீவிலிருந்து பார்த்தால் அது ஒரு சின்னப் பூச்சி. இங்கே பனைகளுக்கு மேலால் வயிறு தெரியப் போனது. தங்கச்சி கையால் வெயிலை மறைத்துக்கொண்டு அது மறையும்வரை பார்த்தாள்.

"பெரிசாத்தான் இருக்கு" என்றாள்.

அவள் அழவில்லை. சின்னம்மாதான் அழுதார். அந்தப் பிளேன் ஒரு குறையும் இல்லாமல் கொழும்புக்குப் போய் இறங்கியது. சித்தப்பா அங்கே காத்து நின்று, கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டு, நேர்முகப் பரீட்சை நடந்த இடத்துக்குத் தனியே போய்க் கெஞ்சியிருக்கிறார். ஆள் வராமல் ஒன்றும் செய்யமுடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வர ஒரு சாரதியைப் பிடித்தார் சின்னம்மா. நான் முன்னால் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். தாம்போதியில் எதிரே ஒரு லொறி வந்தது. அவன் கதையை நிறுத்தாமலே ஓரங்கட்டி அதைக் கடந்தான்.

வீட்டில் நடந்தது இதைவிடக் கேவலம். நாங்கள் இறங்குதுறையில் இறங்கி நடந்து வருவதைக் கண்டதும் அம்மா ஓடி வந்து தங்கச்சியைக் கட்டிக்கொண்டார். "நயினாதீவு அம்மாள் உன்னை ஏத்த விடேல்லை, பிள்ளை. அதில ஏதோ கிடந்திருக்கு. கொண்ணனைக் கொண்டு தடுத்துப்போட்டா" என்றார். அவள் போய்ச் சேராததற்கும் நேர்த்தி செல்லும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் வள்ளத்தில் நயினாதீவுக்குப் போய்ப் பொங்கினோம். பானையைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். தங்கச்சி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகைக்குக் கண்ணைத் துடைக்கிறாளா வேறெதற்குத் துடைக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. அம்மாவிடம், அம்மன் தடுக்கவில்லை, என் வீறாப்புத்தான் தடுத்தது என்று நான் சொல்லியிருக்கலாம். அம்மா கொடுத்த பொங்கலை வாங்கிச் சாப்பிட்டேன்.

தாம்போதிக் கதை எங்களுக்கு முன்னமே நெடுந்தீவுக்கு வந்துவிட்டது. நான் லொறியோடு ஒழுங்கையில் வரும்போது பொடியங்கள் மதிலில் ஏறி நின்று, "அண்ணை, பஸ் வருது, ஓரங்கட்டுங்கோ" என்பார்கள். பெரியவர்கள் அவர்களை அதட்டுவார்கள், அதட்டிக்கொண்டே சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அந்தக் கேலி எனக்கு நியாயமாகவே பட்டது. வீட்டுக்குள் ஒருவரும் என்னைக் கேலி செய்யாததுதான் தாங்கமுடியாமல் இருந்தது. தங்கச்சி முன்பு போலவே எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அடுத்த முறை தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டபோது அவளுக்கு வயது கடந்துவிட்டது. அந்தப் பேப்பரை வாசித்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஊரில் யாருக்காவது பிரசவ நோ கண்டால் அவளைக் கூப்பிடுவார்கள். போய்க் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். அதற்கு மேல் செய்ய அவள் படிக்கவில்லை. ஒரு முறை அப்படிப் போய்விட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் கதைக்காமல் இருந்தாள். தாயும் போய்ப் பிள்ளையும் போய்விட்டதாக ஐயா சொன்னார். நான் அன்று லொறிக்குள்ளேயே படுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் கலியாணம் பேசினோம். மாப்பிள்ளை புங்குடுதீவு. அவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் வைக்கலாம் என்றார்கள். அவர்கள் பக்கத்துச் சனத்துக்கு வசதி, கடல் தாண்டத் தேவையில்லை. தங்கச்சி மாட்டேன் என்றாள். அவள் எதற்கும் அடம்பிடித்து நாங்கள் பார்த்ததில்லை. கலியாணம் நெடுந்தீவில்தான், இல்லையென்றால் வேண்டாம் என்று நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்துக்கொண்டு சம்மதித்தார்கள். பொம்பிளை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் வேண்டும் என்று சித்தப்பா தன் ஒஸ்ரினையே அனுப்பினார். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, அதை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்குதுறையில் ஊரே கூடி நின்று பார்த்தது. கூடவே ஓடுவதற்குப் புங்குடுதீவிலிருந்து ஒரு சாரதியும் வந்திருந்தான். அவனை வரச் சொன்னவன் நான்தான். அந்தக் காரில் மறுபடி கை வைப்பதில்லை என்று இருந்தேன்.

தாலி கட்டி முடிந்து காரடிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ஏறிவிட்டார். தங்கச்சி ஏறவில்லை. கூறைச் சீலையோடு வெயிலில் நின்றாள்.

"அண்ணை ஓடட்டும்" என்றாள்.

"அந்தப் பொடியன் ஓடுவான், பிள்ளை" என்றேன்.

"இல்லை. நீங்கள்தான் ஓடவேணும். அதுக்குத்தானே கலியாணத்தை இஞ்ச வைச்சது."

எல்லாருக்கும் கேட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சாரதிப் பொடியன் திறப்பை என் கையில் வைத்துவிட்டு ஒதுங்கினான். நான் ஏறினேன். மேளம் முன்னால் போனது, சனம் இரண்டு பக்கமும் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கியர் விழவில்லை, கார் குலுக்கியது. பின்னாலிருந்து மாலை வாசத்தோடு அவள் முன்னுக்குச் சாய்ந்து, என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"ஆறுதலாய் ஓடுங்கோ, அண்ணை. இனி எனக்குப் பிந்திப்போக ஒண்டுமில்லை."

குத்திக்காட்டுவதற்கு அவள் அதைச் சொல்லவில்லை. நான் தடுமாறுவதைப் பார்த்து, என்னைத் தேற்றத்தான் சொன்னாள்.